பதினோராவது பதில்

ஜன்னலை மட்டும் மூடிடாதீங்க சார். காத்து இல்லேன்னா இந்த வளைவுல எனக்குக் குமட்டும். சாரல் அடிச்சா அடிக்கட்டும், சட்டை காஞ்சிடும். நான் பஸ்ல போற ஆளே இல்ல. கம்பெனியில கார் கேட்டேன். "ஒருத்தருக்குத்தானே சார், பஸ் நிறைய இருக்கே"ன்னு அட்மின்ல இருக்கற ஒரு பொண்ணு சொல்லுது. இருபத்தோரு வருஷ சர்வீஸ். போன மாசம் வரைக்கும் அதே பொண்ணு நான் கேக்கறதுக்கு முன்னாடி கார் அனுப்பும்.

நீங்க எதுவரைக்கும்? கோயமுத்தூரா? நல்லது. நானும் அங்கே இறங்கித்தான் மெட்ராஸ் வண்டி பிடிக்கணும். தியாகேசன் என் பேரு. சாஃப்ட்வேர். ஐயோ, அப்படிப் பாக்காதீங்க, உங்க போனை ரிப்பேர் பண்ணத் தெரியாது எனக்கு. நான் ஆர்க்கிடெக்ட். வீடு கட்டறவன் இல்ல, சாஃப்ட்வேர் எப்படி இருக்கணும்னு முடிவு பண்றவன். மத்தவங்க அதை எழுதுவாங்க. எழுதறது யார் வேணா எழுதலாம். முடிவு பண்றதுக்குத்தான் ஆள் கிடையாது.

இந்த மலையில எனக்கு என்ன வேலைன்னு கேட்டீங்க. சொல்றேன். நீங்களே நியாயம் சொல்லுங்க.

இங்க ஒரு அறக்கட்டளை. பேர் வேண்டாம். மலையைச் சுத்தி இருக்கற பதினோரு ஆஸ்பத்திரிக்கு அவங்கதான் மருந்து, ஆம்புலன்ஸ் எல்லாம் உதவி பண்றாங்க. போன வருஷம் பாம்பு கடிச்ச ஒரு பெரியவரை ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கிட்டு ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. அங்க ஊசி மருந்து தீர்ந்து போச்சு. அடுத்த ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே ஆள் போயிட்டார். அதனால அறக்கட்டளைக்காரங்க எங்க கம்பெனிக்கு வந்தாங்க. டிரைவர் போன்ல ஒரு ஆப் வேணும், அதைத் தொட்டா எந்த ஆஸ்பத்திரியில எத்தனை குப்பி மருந்து இருக்குன்னு தெரியணும். அவ்வளவுதான். சின்ன வேலை. சின்ன வேலைன்னாலும் உயிர் விஷயம்னு எம்.டி. என்கிட்ட கொடுத்தார். எம்.டி. அப்படித்தான் அப்ப நினைச்சார்.

இதுல முடிவு பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான் சார். அந்த எண்ணிக்கை போனுக்கு எப்படி வந்து சேரணும்? ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. அதுல ஒரு சர்வீஸ் ஓடுது. சர்வீஸ்னா, ரேஷன் கடை ஜன்னல் மாதிரி வச்சுக்கங்க. போய்த் தட்டி "எத்தனை இருக்கு?"ன்னு கேட்டா உள்ளேர்ந்து பதில் வரும். பதினோரு ஜன்னல். நம்ம ஆப் பதினொண்ணையும் போய்த் தட்டணும். இது வரைக்கும் புரியுதுல்ல? உங்களுக்குப் புரியுது. எங்க ஆபீஸ்ல முப்பது பேருக்கு நான் மூணு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

நான் ரெண்டு முடிவு பண்ணினேன். ஒண்ணு, ஒவ்வொரு தடவையும் புதுசாக் கேக்கணும். போன்ல பழசைச் சேத்து வைக்கக் கூடாது. பழைய கணக்கை நம்பிப் போய்த்தானே அந்தப் பெரியவர் செத்தார்? ரெண்டு, பதினோரு பதிலும் வந்தப்பறம்தான் திரையில காட்டணும். அரைகுறையா நாலு வந்துச்சு, அஞ்சு வந்துச்சுன்னு காட்டக் கூடாது. கல்யாணப் பந்தியில எல்லா இலைக்கும் பரிமாறி முடிச்சப்பறம்தானே கை வைக்கறோம்? அது ஒரு ஒழுங்கு. அதுவரைக்கும் திரையில ஒரு வட்டம் சுத்தும். சும்மா வட்டம் இல்ல சார். நீல நிறத்துல ஒரு மருந்துத் துளி, அது அப்படியே சுழண்டு சுழண்டு வரும். அந்த நீலத்துக்கே ஒன்பது நாள் ஆச்சு. டிசைன் பண்ற பையன் கொண்டு வந்த நீலம் எல்லாம் சோப்பு விளம்பரம் மாதிரி இருந்தது. நான்தான் உக்காந்து சரி பண்ணினேன்.

இந்த எடத்துல வருது அந்த ஜெஸ்லின்.

மார்த்தாண்டத்துப் பொண்ணு. எங்க டீம்ல சேந்து மூணு வருஷம். கெட்டிக்காரின்னு எல்லாரும் சொல்வாங்க. நான் சொன்னதில்ல. மீட்டிங்ல எல்லாரும் தலையாட்டினா அது மட்டும் பேனாவை மூடி மூடித் திறந்துக்கிட்டு இருக்கும். அந்த டிக், டிக் சத்தத்திலயே எனக்குத் தெரிஞ்சிடும், ஏதோ கேக்கப் போகுதுன்னு.

"சார், அங்க சிக்னல் எப்படின்னு யாராவது போய்ப் பாத்தமா?"ன்னு கேட்டுது.

சிக்னல் டெலிபோன் கம்பெனிக்காரன் வேலைம்மா, நம்ம வேலை இல்லன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அது சிரிக்கல. மூணு நாள் லீவு போட்டுட்டு, கைக்காசு செலவு பண்ணிக்கிட்டு, இந்த மலைக்கு வந்திருக்கு. யார் கேட்டா? ஆம்புலன்ஸ்லயே உக்காந்து சுத்தியிருக்கு. திரும்பி வந்து ஒரு படம் போட்டுக் காட்டுச்சு. ரோடு படம். எந்த வளைவுல சிக்னல் வருது, எந்த ஊர்ல போயிடுதுன்னு. ஸ்கூல் பசங்க வரையற மாதிரி மரமெல்லாம் போட்டு.

அது சொன்னது என்னன்னா, காலையில சிக்னல் இருக்கற எடத்துல பதினோரு எண்ணிக்கையையும் வாங்கிப் போன்லயே வச்சுக்கணுமாம். ஆப்பைத் திறந்த உடனே அதைக் காட்டிடணுமாம். பக்கத்துல "காலை எட்டு பத்து நிலவரம்"னு நேரத்தையும் போடணுமாம். பின்னாடியே புதுசாக் கேட்டு, எது எது வருதோ அதை அதை மாத்திக்கிட்டே வரணுமாம். பதில் சொல்லாத ஆஸ்பத்திரியைச் சாம்பல் நிறத்துல காட்டி, பக்கத்துல போன் நம்பர் கொடுத்துடணுமாம்.

போன் நம்பர்! ஆப்ல! "போன் நம்பர் குடுக்கறதுக்கு ஆப் எதுக்கும்மா, ஒரு தினசரி காலண்டர் அடிச்சுக் குடுத்துடலாமே. பின்னாடி ராகு காலமும் போட்டுக்கலாம்"னேன். மறுபடி எல்லாரும் சிரிச்சாங்க. எங்க டீம் நல்ல டீம் சார், அப்ப.

"பழசைக் காட்டறது பொய் சொல்றது மாதிரி"ன்னேன்.

"பழசுன்னு சொல்லிட்டுக் காட்டினா அது பொய் இல்லியே சார்"னுது.

"அரைகுறையாப் பாத்துட்டு டிரைவர் தப்பான ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா?"

"ஒண்ணுமே பாக்காம எங்க சார் போவார்?"

இதுக்கெல்லாம் நான் பதில் சொல்றதில்ல. பதில் சொன்னா சரிக்குச் சரி ஆயிடும். முடிவு எடுத்தாச்சு, எழுதற வேலையைப் பாருங்கன்னு எழுந்துட்டேன். ஜெஸ்லின் எழுதிக் கொடுத்துச்சு. அதையும் சொல்லணும். நான் சொன்ன மாதிரியே, ஒரு பிசகு இல்லாம எழுதிக் கொடுத்துச்சு. சோதனையில பதினோரு பதிலும் ரெண்டே முக்கால் செகண்டுல வந்து நின்னுது. அறக்கட்டளைக்காரங்க கை தட்டினாங்க. அந்த நீலத் துளியைப் பாத்து ஒரு டாக்டரம்மா "ரொம்ப அழகா இருக்கு"ன்னாங்க. என்னைப் பாத்துச் சொன்னாங்க.

சோதனை எங்க பண்ணினோமா? மெட்ராஸ்லதான். வேற எங்க பண்ணுவாங்க?

ஆப் வந்து நாலு மாசம் ஒரு புகார் இல்ல. யாரும் அதிகமாத் திறக்கலன்னு ஜெஸ்லின் ஒரு கணக்கு காட்டுச்சு. திறக்கலன்னா பாம்பு கடிக்கலன்னு அர்த்தம்னேன்.

அப்பறம் ஐப்பசி மாசம். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் மூணு மணி வாக்குல. இதே மாதிரி மழை. மேல ஒரு ஊர்ல, பதினோரு வயசுப் பொண்ணு, செவ்வந்தின்னு பேரு, அவரைக் கொடியில காய் பறிக்கும்போது பாம்பு கடிச்சிடுச்சு. ஆம்புலன்ஸ் போய் ஏத்தியாச்சு. அப்பனும் கூட ஏறிட்டான். டிரைவர் மருதமுத்துன்னு ஒரு ஆள். கீழ வர்ற வழியில ரோடு ரெண்டாப் பிரியும். இப்ப தாண்டி வந்தமே, டீக்கடை ஒண்ணு இருந்துதே, அதுதான். இடது பக்கம் போனா ஒரு ஆஸ்பத்திரி இருபது நிமிஷம். வலது பக்கம் போனா இன்னொண்ணு, அரை மணி. அந்தப் பிரிவுலதான் சிக்னல் கிடைக்கும். வண்டியை நிறுத்திட்டு ஆப்பைத் திறந்திருக்கான்.

திறந்தா வட்டம் சுத்துது.

சுத்திக்கிட்டே இருக்கு. மூடிட்டு மறுபடி திறக்கறான். சுத்துது. லாக் பாத்தேன் சார், எங்ககிட்ட எல்லாம் பதிவாகும். மூணு நாப்பத்தொண்ணுலேர்ந்து மூணு அம்பத்திரண்டு வரைக்கும், பதினோரு நிமிஷத்துல, பதினாலு தடவை. பதினாலு தடவை திறந்திருக்கான்! பொறுமைன்னு ஒண்ணு வேண்டாமா? ஒவ்வொரு தடவை மூடித் திறக்கும்போதும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கும்னு இவனுக்குத் தெரியாதா? ஒரே தடவை திறந்துட்டுச் சும்மா இருந்திருந்தா...

என்ன? வந்திருக்குமாவா?

இல்ல. வந்திருக்காது. அது வேற விஷயம். ஒரு ஆஸ்பத்திரி, பதினோராவது, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கறது, இவனுக்குச் சம்பந்தமே இல்லாதது, அந்த ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரை அணைச்சு வச்சிருந்தாங்க. அதுலேர்ந்து பதில் வரவே வராது. நான் சொல்ல வர்றது பொறுமையைப் பத்தி.

இன்னொண்ணும் லாக்ல பாத்தேன். இதை எங்க ஆபீஸ்ல யாரும் பேச மாட்டேங்கறாங்க, நான்தான் சொல்றேன். மத்த பத்து ஆஸ்பத்திரியும் பதில் சொல்லியிருக்கு. பதினாலு தடவையும் பத்தும் சொல்லியிருக்கு. அந்த இடது பக்கம் இருபது நிமிஷத்துல இருக்கே, அது அரை செகண்டுல சொல்லியிருக்கு, இருபத்திரண்டு குப்பி இருக்குன்னு. ஒவ்வொரு தடவையும் அரை செகண்டு! அந்த மலையில, அந்த மழையில! அவ்வளவு துல்லியமா வேலை செஞ்சிருக்கு என் டிசைன். பதில் அவன் கையில இருந்த போனுக்குள்ளயே இருந்திருக்கு சார். திரைக்கு வரல, அவ்வளவுதான். பதினோராவது வரட்டும்னு காத்துக்கிட்டு இருந்தது. காத்திருக்கணும்னு சொன்னா அது காத்திருக்கும். மனுஷங்க மாதிரியா?

அப்பறம் அவன் ஒரு அட்டையை எடுத்துப் பாத்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணிட்டான். நர்ஸ் எடுத்து, "இருக்கு, டாக்டரும் இருக்கார், வாங்க"ன்னு சொல்லியிருக்கு. போய்ச் சேந்தாச்சு. ஊசி போட்டாச்சு. ஆனா அதுக்குள்ள பொண்ணுக்குக் கண்ணு சொருகி, மூச்சு வாங்க முடியாம ஆயிடுச்சாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி அஞ்சு நாள் மூச்சு மெஷின்ல வச்சிருந்தாங்க. பொழச்சுடுச்சு சார். பொழச்சுடுச்சு. அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்றேன். யாரும் சாகல. அங்க இருந்த டாக்டர் எழுதிட்டார், "பத்து நிமிஷம் முன்னதாக வந்திருந்தால் மெஷின் தேவைப்பட்டிருக்காது"ன்னு. டாக்டருங்க எப்பவும் அப்படித்தான் எழுதுவாங்க. அரை மணி முன்னாடி போனாலும் அதையேதான் எழுதுவாங்க.

அறக்கட்டளையிலேர்ந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துது. எம்.டி. கூப்பிட்டார். உள்ளே போனா ஜெஸ்லின் ஏற்கனவே உக்காந்திருக்கு. பேனா கையில இல்ல. நான் சொன்னேனேன்னு ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா நாலு வார்த்தை நானும் சொல்லியிருப்பேன். அது வெறுமனே, "பத்து நாள்ல மாத்திடலாம் சார், நான் ஏற்கனவே கொஞ்சம் எழுதி வச்சிருக்கேன்"னுது. பாருங்க தைரியத்தை! என் முதுகுக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்கு!

மாத்தினாங்க. காலை நிலவரம், சாம்பல் நிறம், போன் நம்பர், எல்லாம் வந்தாச்சு. என் நீலத் துளியை எடுத்துட்டாங்க. சுத்தறதுக்கு ஒண்ணும் இல்லையாம். எனக்கு எம்.டி. ஒரு புது வேலை குடுத்தார், பயன்படுத்தறவங்களுக்குக் கையேடு எழுதற வேலை. கையேடு! அதுக்கு முன்னாடி, "நீங்களே நேர்ல போய் என்ன நடந்ததுன்னு பாத்து ஒரு அறிக்கை எழுதிடுங்க தியாகேசன்"னார். அதுக்குத்தான் வந்தேன். மூணு நாள் ஆச்சு.

முதல்ல அந்தப் பதினோராவது ஆஸ்பத்திரிக்குப் போனேன். யார் அணைச்சது, ஏன் அணைச்சதுன்னு தெரியணுமே. மருந்து கொடுக்கற அம்மா, தெய்வானைன்னு பேரு, மாத்திரை எண்ணிக்கிட்டு இருந்தாங்க. கம்ப்யூட்டர் மேல ஒரு பாலித்தீன் கவர், அது மேல ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளியில சொட்டு சொட்டாத் தண்ணி விழுது.

"ஏம்மா, இதை அணைக்கக் கூடாதுன்னு சுத்தறிக்கை வந்துதே, பாக்கலியா?"ன்னேன்.

அவங்க எண்ணி முடிச்சாங்க. எண்ணி முடிக்கற வரைக்கும் நான் நின்னேன். அப்பறம் மேல கையைக் காட்டினாங்க. "சுத்தறிக்கை வந்துதுங்க. ஓடு மாத்தித் தாங்கன்னு நாங்க மூணு தடவை எழுதினமுங்க, அதுக்குத்தான் ஒண்ணும் வரலீங்க. இது நனைஞ்சு கெட்டுப்போனா நீங்க வாங்கித் தருவீங்களா? என் சம்பளத்துலதானுங்க பிடிப்பாங்க."

"நீங்க அணைச்சதால ஒரு குழந்தைக்கு மருந்து கிடைக்கத் தாமதம் ஆயிடுச்சு, தெரியுமா?"

அந்தம்மா மாத்திரை டப்பாவைத் தள்ளி வச்சாங்க. "இங்கிருந்தா? இங்க யாருங்க வந்தாங்க? அன்னிக்கு நான் நாலு மணி வரைக்கும் இருந்தேனுங்களே. ஒரு போன் கூட வரலீங்களே. எந்த ஊருக் கொழந்தைங்க?"

ஊர் பேரைச் சொன்னேன்.

"அந்த ஊரா? அது மலைக்கு அந்தப் பக்கமுங்களே. அவிய இங்க எதுக்குங்க வராங்க? இங்க கம்ப்யூட்டர் அணைச்சா அங்க எப்படீங்க தாமதமாவும்?"

இதை எப்படி சார் விளக்கறது? பத்தாவது இலை, பதினோராவது இலை, பந்தி, எல்லாம் சொன்னேன். அந்தம்மா வாளித் தண்ணியை எடுத்து வெளிய கொட்டிட்டு வந்தாங்க. "ஒரு இலைக்கு வரலீன்னு மத்தவிய எல்லாரையும் பட்டினி போட்டீங்களா?"ன்னாங்க. கோவமாக் கேட்டிருந்தா கூடப் பரவாயில்ல. நிஜமாவே புரியாம கேட்டாங்க. படிச்சவங்கதான், டிப்ளமா. ஆனா தொழில்நுட்பம் பிடிபடல. அறிக்கையில "பணியாளர்களுக்குப் பயிற்சி போதவில்லை"ன்னு எழுதியிருக்கேன்.

அதுக்கப்பறம் அந்த மருதமுத்து. ஆம்புலன்ஸைக் கழுவிக்கிட்டு இருந்தான். நாப்பது வயசு இருக்கும். பேச மாட்டேங்கறான். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வாங்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு.

"ஏன் பதினாலு தடவை திறந்தீங்க?"

"எண்ணலீங்க."

"நான் எண்ணியிருக்கேன். ஒரு தடவை வரலன்னா உடனே போன் பண்ண வேண்டியதுதானே?"

அவன் துணியைப் பிழிஞ்சு போட்டான். "மெட்ராஸ்ல இருந்து வகுப்பு எடுத்தாங்கல்லீங்க. யாருக்கும் போன் பண்ணி நேரத்தை வீணாக்காதீங்க, இது ரெண்டே முக்கால் செகண்டுல சொல்லிடும்னாங்க. இப்ப வந்துடும், இப்ப வந்துடும்னு பாத்துட்டே இருந்துட்டேனுங்க. பின்னால அந்தப் பொண்ணோட அப்பன், அண்ணா போலாம், அண்ணா போலாம்ங்கறான். எந்தப் பக்கம் போறதுங்க? போன வருஷம் அந்தப் பெரியவரைக் கொண்டுட்டுப் போனதும் நான்தானுங்க. கண்ணை மூடிட்டு ஒரு பக்கம் திருப்ப எனக்குக் கை வரலீங்க."

அந்த வகுப்பு நான் எடுத்ததுதான். வீடியோவுல எடுத்தேன். நல்லா எடுத்தேன்னு எல்லாரும் சொன்னாங்க.

அந்த அட்டையைக் கேட்டேன். சட்டைப் பையில இருந்து எடுத்துக் குடுத்தான். பதினோரு ஆஸ்பத்திரி, பதினோரு நம்பர். கையெழுத்தைப் பாத்த உடனே தெரிஞ்சுது. ஜெஸ்லின்! அந்த மூணு நாள் வந்துச்சே, அப்ப எழுதிக் குடுத்திருக்கு. அடியில ஒரு வரி, "ஆப் வரலேன்னா இதுக்கு அடிங்கண்ணா"ன்னு. நாம செய்யற பொருள் மேல நமக்கே நம்பிக்கை இல்லேன்னா அதுக்குப் பேர் என்ன சார்? துரோகம். கம்பெனிக்குச் செய்யற துரோகம். அட்டையைப் போட்டோ எடுத்து அறிக்கையில சேக்கலாம்னு போனை எடுத்தேன். அப்பறம் எடுக்கல. வெளிச்சம் சரியில்ல.

புறப்படலாம்னு பாத்தா மருதமுத்து, "அந்த ஊருக்கு ஒரு பிரசவக் கேஸைக் கொண்டு போய் விடப் போறேனுங்க. நீங்களும் வாங்க, அந்தப் பொண்ணையும் பாத்துடலாம்"ங்கறான். வேண்டாம்னு சொல்லியிருக்கலாம். அறிக்கைக்கு அது தேவையே இல்ல. ஆனா, பாக்காம போயிட்டேன்னு ஒருத்தன் சொல்லக் கூடாதில்ல? ஏறி உக்காந்தேன்.

இது இன்னிக்குக் காலையில சார். பதினோரு மணி இருக்கும்.

பிள்ளை பெத்தவளை இறக்கி விட்டுட்டு நாலு வீடு தள்ளி நடந்தோம். ஓட்டு வீடு. வாசல்ல ஒரு ஆள் கத்தியைத் தீட்டிக்கிட்டு இருந்தான். மாதன். பொண்ணோட அப்பன். மருதமுத்துவைப் பாத்த உடனே எழுந்து ஓடி வந்தான். மருதமுத்து என்னைக் காட்டி, "இந்த சாருதான் மெட்ராஸ்ல இருந்து வந்திருக்காரு. போன்ல ஆஸ்பத்திரி காட்டுமே, அதைச் செஞ்சவரு"ன்னான்.

ஏன் சார் அப்படிச் சொன்னான்? இப்ப வரைக்கும் எனக்குப் புரியல. குத்திக் காட்டறதுக்குச் சொன்னானா, மரியாதைக்குச் சொன்னானா? முகத்துல ஒண்ணும் தெரியல அவனுக்கு.

அந்த மாதன் கத்தியைக் கீழ போட்டுட்டு என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டான். கையெல்லாம் காப்புக் காச்சு, கல்லு மாதிரி. "சாமி, அந்த மிசினு வழி சொல்லலேன்னா எம் புள்ள இல்ல சாமி"ங்கறான். அவன் வண்டிக்குப் பின்னாடி இருந்தவன்தானே? முன்னாடி டிரைவர் போனை நோண்டினதைப் பாத்திருக்கான், அப்பறம் வண்டி கிளம்பினதைப் பாத்திருக்கான். போன்தான் வழி சொல்லிச்சுன்னு நினைச்சுக்கிட்டான். நான் மருதமுத்துவைப் பாத்தேன். அவன் ரோட்டுல நிக்கற வண்டி டயரைப் பாத்துக்கிட்டு நிக்கறான்.

ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். அட்டையை எடுத்துக் காட்டியிருக்கலாம்.

உள்ளேர்ந்து அந்தப் பொண்ணு தண்ணி கொண்டு வந்துச்சு. செவ்வந்தி. அஞ்சாறு அடி தூரம்தான் சார், வாசப்படியில இருந்து நான் நின்ன எடம். பாதியில நின்னு மூச்சு வாங்கிட்டு மறுபடி வந்துச்சு. "கொஞ்ச நாளைக்கு அப்படி இருக்கும், சரியாப் போயிடும்னாங்க சாமி"ன்னான் அப்பன். சிரிச்சுக்கிட்டே சொல்றான். சொம்பைக் குடுத்துட்டு அந்தப் பொண்ணு என்னைப் பாத்துச்சு. ஏதாவது கேக்கணுமேன்னு, "என்ன படிக்கறே?"ன்னேன். ஆறாவதுன்னுது. பெரிசானா கம்ப்யூட்டர் படிக்கணும்னுச்சு.

என்ன ஜனங்க பாருங்க. யாருக்கு நன்றி சொல்லணும்னு கூடத் தெரியல. விசாரிக்கறது கிடையாது, யோசிக்கறது கிடையாது. மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தன் பேண்ட் போட்டுக்கிட்டு வந்தா உடனே கையைப் பிடிச்சுக்கறது.

சொல்லியிருக்கலாமேங்கறீங்களா? எதைச் சொல்றது? லாக், சர்வீஸ், பத்துப் பதில் வந்துது, பதினோராவது வரலன்னு சொல்றதா? புரியுமா அவனுக்கு? மருந்து இருக்கற எடம் போனுக்குள்ளயே தெரிஞ்சிருந்துது, நான் காட்ட வேண்டாம்னு சொல்லி வச்சிருந்தேன்னா? சந்தோஷமா இருக்கற மனுஷன்கிட்ட அதைப் போய்ச் சொல்லி என்ன ஆகப் போகுது? அவன் நல்லதுக்குத்தான் நான் பேசாம இருந்தேன்.

தண்ணியைக் குடிச்சேன். முழுசும் குடிச்சேன்.

வர்ற வழியில அந்தப் பிரிவு ரோட்டுல மருதமுத்து வண்டியை நிறுத்தினான். ஏன்னு கேட்டேன். "சும்மாங்க"ன்னான். எஞ்சினை அணைக்கல. நான் போனை எடுத்துப் புது ஆப்பைத் திறந்து பாத்தேன். என்ன இருக்குன்னு பாக்கணுமில்ல. தொட்ட உடனே வந்துடுச்சு. காலை எட்டு பத்து நிலவரம். அப்பறம் ஒண்ணொண்ணா மாறிச்சு. ஒன்பது ஆஸ்பத்திரி மாறிச்சு. ரெண்டு சாம்பலா நின்னுது, பக்கத்துல நம்பரோட. பாக்கவே அசிங்கமா இருக்கு சார், திரை ஒரே பல்வண்ணம், ஒரு ஒழுங்கு இல்ல. ஒரு செகண்டு கூட ஆகல. நான் நேரம் பாக்கல, குத்துமதிப்பாச் சொல்றேன். மருதமுத்துவும் எட்டிப் பாத்தான். கியரைப் போட்டான்.

அறிக்கையா? பாதி எழுதியிருக்கேன். டிரைவர் பொறுமை, பணியாளர் பயிற்சி, கூரை ஒழுகல், சிக்னல், எல்லாம் வந்தாச்சு. "வடிவமைப்பு"ன்னு ஒரு தலைப்பு போட்டேன். அதுக்குக் கீழ இன்னும் ஒண்ணும் எழுதல. பஸ்ல எழுதலாம்னு பாத்தா இந்த ஆட்டத்துல எங்க எழுதறது?

அடுத்த ஸ்டாப்பா? நீங்க கோயமுத்தூர்னுதானே சொன்னீங்க? ஓ, தங்கச்சி வீட்டுக்கு இங்கயே இறங்கறீங்களா. சரி சார், சரி. நான் பேசினது தொந்தரவா இருந்தா மன்னிச்சுக்கங்க.

ஒரு நிமிஷம். இந்தப் பையை எடுத்துக்கங்க. சீட்டுக்கு அடியில, ஆமா, அந்த உரப் பைதான். அவரைக்காய். அந்த மாதன் குடுத்தான், வேண்டாம் வேண்டாம்னாலும் விடல. வண்டி வரைக்கும் தோள்ல தூக்கிக்கிட்டு வந்து வச்சான். அஞ்சு கிலோ இருக்கும். இன்னிக்குக் காலையில பறிச்சது, பிஞ்சு காய், தங்கச்சி வீட்டுக்கு ஆகும். எனக்கு அவரைக்காய் ஒத்துக்காது. நிஜமாத்தான். மெட்ராஸ் போறதுக்குள்ள வாடிப்போயிடும் வேற.

இல்ல இல்ல, பணமெல்லாம் எதுக்கு. எடுத்துக்கிட்டுப் போங்க சார், கெஞ்சிக் கேக்கறேன். கண்டக்டர் விசில் அடிக்கறார் பாருங்க.

தங்கச்சி கேட்டா, யார் குடுத்ததுன்னு கேட்டா, மருதமுத்துன்னு ஒரு டிரைவர் குடுத்தார்னு சொல்லுங்க. பொய் இல்ல சார் அது.